கிளிக்கு ஒரு வாய்

நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோழியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், மக்காச்சோளம் என்ன விலை, சோயாப் புண்ணாக்கு எத்தனை பங்கு, ஒரு டன் தீவனத்துக்கு உப்பு எத்தனை கிலோ என்று நாலு பேர் விரல் விட்டுச் சொல்வார்கள். கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக 34 வருடம் இருந்தவன் நான். பண்ணைக்காரர்களிடம் நான் கற்றுக்கொண்டதும் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பண்ணையில் கோழிக்கு கிராம் கணக்கில் தீவனம் கலக்கும் அதே ஆள், வீட்டுக்கு வந்து ஈஸி சேரில் சாய்ந்ததும், தன் தட்டில் இருக்கிற மிக்சரில் ஒரு கை அள்ளிக் கூண்டுக் கிளிக்குப் போடுவார். அதுவும் தலையை ஆட்டிக்கொண்டு கொறிக்கும். "பாருங்க, எப்படித் திங்குதுன்னு" என்று நமக்கும் காட்டுவார். கோழி தொழில், கிளி பாசம். பாசத்துக்கு அளவுகோல் எதற்கு என்ற நினைப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் கிளி என்று சொல்வது நம் ஊர்ப் பச்சைக்கிளியை அல்ல. கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட நம் கிளியைக் கூண்டில் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்களிடம் இருந்து வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்வதும் அதனால்தான். இப்போது வீடுகளில் வளர்ப்பதெல்லாம் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட சின்னக் கிளிகள். கடைக்காரர்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் பட்ஜி, தலையில் கொண்டை வைத்த காக்டெயில், இந்த மாதிரி. பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி வருவார்கள், பள்ளிக்கூடம் திறந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். கூண்டு நம் தலையில் விழும். அதனால் இது நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். வீட்டுக்காரர் தவறி ஐந்து வருடமாகிறது. மகன் பெங்களூரு, மகள் ஈரோடு. தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பேச்சுத் துணை வேண்டுமென்று மகன் ஒரு காக்டெயிலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, கன்னத்தில் ஆரஞ்சு வண்ணத்தில் பொட்டு. அக்கா அதற்குக் 'கண்ணு' என்று பெயர் வைத்தார். காலையில் வாசல் தெளிக்கும்போது அது விசில் அடிப்பது எங்கள் வீட்டு முன்னறை வரைக்கும் கேட்கும்.

ஒருநாள் சாயங்காலம் காப்பிக்குக் கூப்பிட்டார் என்று போயிருந்தேன். கண்ணு அக்காவின் தோளில் உட்கார்ந்திருந்தது. அக்கா உப்பு பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்து, பாதியைத் தான் தின்று, மீதியை அதன் அலகில் கொடுத்தார். அது கொண்டையை நிமிர்த்திக்கொண்டு வாங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் கண் மட்டும் பழைய பழக்கத்தில் கூண்டின் அடியில் விரித்திருந்த தாளுக்குப் போனது. தாள் சொதசொதவென்று நனைந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணம் காலி.

"தண்ணி அதிகமாக் குடிக்குதுங்களா அக்கா?"

"வெயில் காலமில்லீங்களா தம்பி. ஒரு நாளைக்கு மூணு தடவை ஊத்தறேன்."

வெயில் காரணமாக இருக்கலாம். ஆனால் பண்ணைக் கொட்டகையில் குஞ்சுகள் மாய்ந்து மாய்ந்து தண்ணீர் குடித்து, கீழே விரித்த உமி நனைந்து கிடந்தால், நாங்கள் முதலில் பார்ப்பது தீவனத்தில் உப்பைத்தான். கோழித் தீவனத்தில் சேர்க்கும் கருவாட்டுத் தூளில் உப்பு கூடுதலாக இருந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். நூறு கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோ உப்பைத் தாண்டக் கூடாது என்பது பண்ணைக் கணக்கு. உப்பு பிஸ்கட், மிக்சர், முறுக்கு, ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கை எங்கேயோ தாண்டிப் போய்விடும். அளவு மீறினால் பறவையின் சிறுநீரகம் திணறும். தாகம், நீர்க்கழிச்சல், நடுக்கம், பிறகு மரணம்.

இதை நான் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். காப்பியில் இருக்கும் கஃபீன் பறவையின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் என்றும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறிவிட்டது.

"தம்பி, நான் உங்களைக் காப்பி குடிக்கத்தான் கூப்பிட்டேன், வைத்தியத்துக்குக் கூப்பிடலீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கிளியைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த வீட்டுல என்கூட ஒக்காந்து சாப்பிடறது இது ஒண்ணுதானுங்க. இதுக்கும் ஒரு வாய் குடுக்கக் கூடாதுன்னா, நான் யாருக்குத்தான் குடுக்கறது?"

இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அவங்களுக்குக் காப்பியும் பிஸ்கட்டுமா முக்கியம்? ஒண்ணா ஒக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதானுங்க."

யோசித்துப் பார்த்தால் கிளியின் பக்கத்திலும் அதே கதைதான். கிளி கூட்டமாக வாழும் பறவை. காட்டில் தாயும் கூட்டமும் எதைத் தின்கின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் குஞ்சு எதைத் தொடலாம், எதை விடலாம் என்று கற்றுக்கொள்கிறது. கூண்டில் பிறந்து கையில் வளர்ந்த கிளிக்கு நாம்தான் கூட்டம். நாம் தின்றால் அது நல்ல தீனி. அதனால்தான் நம் தட்டைத் தேடி வருகிறது. நம்மை நம்புகிறது. "அதுக்குத் தெரியும், வேண்டாததைத் தொடாது" என்று சிலர் சொல்வார்கள். அதற்குத் தெரியாது. நாக்கில் சுவை மொட்டுகள் நமக்கு ஆயிரக்கணக்கில் என்றால் கிளிக்குச் சில நூறுதான். ஆசையாகத் தின்கிறது என்பதால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை.

அடுத்தது எடைக் கணக்கு. ஒரு காக்டெயில் சுமார் 90 கிராம் இருக்கும். 63 கிலோ எடையுள்ள மனிதர் அதைப்போல 700 மடங்கு. அது ஒரு கிராம் பிஸ்கட் தின்றால் நாம் 700 கிராம் தின்றதற்குச் சமம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி காப்பி குடித்தால் நாம் மூன்றரை லிட்டர் குடித்த மாதிரி. 'ஒரு துளிதானே' என்று நாம் நினைப்பது நம் உடம்பை வைத்து. அந்தத் துளி போய்ச் சேருவது 90 கிராம் உடம்புக்குள்.

மறுநாள் காலையில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் இரண்டை எடுத்து, பின்பக்கம் பேத்தி விட்டுப்போன ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். முதல் தாளில் 'கண்ணுவும் நீங்களும் சேர்ந்து சாப்பிடக்கூடியவை' என்று தலைப்புப் போட்டேன். வேண்டாதவை இரண்டாவது தாளில்தான்.

முதல் தாளில் எழுதியது இது. தினை, சாமை, கம்பு. கொல்லிமலையில் விளைகிற தினையும் சாமையும் சந்தையிலேயே கிடைக்கின்றன. தினைப்புனத்துக் கதிருக்குக் கிளி வருவதும், வள்ளி பரண்மேல் நின்று விரட்டுவதும் நமக்குப் புதிய கதையா? ஆனால் தானியம் மட்டுமே போட்டு வளர்த்தாலும் ஆபத்துதான். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். அதையே தின்றுகொண்டிருக்கும் கிளிக்கு ஈரலில் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறையும். அதனால் முருங்கைக்கீரை, துருவிய கேரட், பரங்கிக்காய், பப்பாளி, கொய்யா எல்லாம் தினம் கொஞ்சம். கீரையை மருந்தடித்த வாசனை போக நாலு தண்ணீரில் அலச வேண்டும். உப்பில்லாமல் குழைய வேகவைத்த சோறும் பாசிப்பயறும் ஒரு வாய். பச்சை மிளகாய்கூடக் கொடுக்கலாம். மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு இல்லை. நமக்கு நாக்கு எரியும், அது பாட்டுக்கு விதையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கும். ஆக, பொரியலில் கிளிக்குக் கெடுதல் மிளகாய் அல்ல. உப்பும் எண்ணெயும் வெங்காயமும்தான்.

இரண்டாவது தாளில் எழுதியவற்றைக் காரணத்தோடு உங்களுக்கும் சொல்கிறேன்.

காப்பி, டீ, சாக்லேட்: கஃபீனும், சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமினும் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சாக்லேட் எவ்வளவு கருப்போ அவ்வளவு ஆபத்து. வீட்டுக்கு வரும் குழந்தைகள் கையில் அதுதான் இருக்கும், கவனம்.

பட்டர் ஃப்ரூட்: வெண்ணெய்ப் பழம், அவகாடோ எல்லாம் இதுதான். மலைப் பக்கத்தில் இருந்து வருகிறது, இப்போது ஜூஸ் கடைகளில் எல்லாம் பிரபலம். நமக்கு நல்லது. கிளிக்கு விஷம். இதிலுள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத் தசையைக் கெடுத்து, நெஞ்சில் நீர் கோக்க வைத்து, ஓரிரு நாளில் கொன்றுவிடும். பழம், தோல், கொட்டை, இலை எதுவும் ஆகாது. 'பழம்தானே' என்று நம்பிக் கொடுக்கிற பொருளாக இருப்பதால் இதற்குத்தான் நான் இரண்டு கோடு போட்டேன்.

வெங்காயம், பூண்டு: இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சையாகவும் வேண்டாம், வெந்ததும் வேண்டாம்.

ஆப்பிள் விதை: சதையைக் கொடுக்கலாம். விதையை மென்றால் வயிற்றில் சயனைடு உண்டாகும். பிளம்ஸ், செர்ரி கொட்டைகளும் அப்படியே. கொய்யா, பப்பாளி, தர்ப்பூசணி விதைகளுக்கு இந்தப் பயம் இல்லை. நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். அதன் இலையையும் தோலையும் தின்று வயிறு உப்பிச் செத்த ஆடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதிலும் சயனைடுதான். பச்சைக் கிழங்கைக் கிளிக்குப் போட வேண்டாம். வேகாத மொச்சை, ராஜ்மாவும் வேண்டாம்.

பால்: 'கிளிக்குப் பாலும் பழமும்' என்று காலம் காலமாகச் சொல்லிவிட்டோம். பறவை தாய்ப்பால் குடித்து வளர்வதில்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி அதன் குடலுக்கு இல்லை. பழம் சரி, பால் வேண்டாம்.

பூசணம் பிடித்த நிலக்கடலை: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் 'டர்க்கி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான், பிரேசிலில் இருந்து தீவனத்துக்காக வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததும், அந்தப் பூசணம் உண்டாக்கிய நஞ்சு ஈரலைத் தின்றதும் தெரிந்தது. அஃப்லடாக்சின் என்ற சொல்லே அப்போது பிறந்ததுதான். நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இந்தச் சொல் அத்துப்படி, ஆய்வகத்தில் சோதித்துத்தான் புண்ணாக்கு வாங்குவார்கள். வீட்டுக் கிளிக்குப் போடும் கடலையை யார் சோதிக்கிறார்கள்? மழைக்காலத்தில் டப்பாவின் அடியில் நமுத்துக் கிடக்கும் கடலையை 'நமக்கு வேண்டாம், கிளிக்குப் போடு' என்போம். நமக்கு ஆகாதது 90 கிராம் உடம்புக்கு எப்படி ஆகும்? வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. வாசனை மாறினால் குப்பைக்குத்தான்.

இவற்றோடு தீனி சாராத ஒன்றையும் அடியில் எழுதினேன்: கூண்டு சமையலறையில் வேண்டாம். நான்-ஸ்டிக் தவா வெறுமனே அடுப்பில் காய்ந்து 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சிலிருந்து வரும் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொல்லும். நமக்கு இருமல்கூட வராமல் போகலாம்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். அக்கா முதல் தாளை மட்டும் ரொம்ப நேரம் படித்தார். ஆசிரியை அல்லவா, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியும் கொடுத்தார். என் மனைவி தன் கையோடு கொண்டுபோயிருந்த சின்ன எவர்சில்வர் தட்டை மேசைமேல் வைத்து, "இது கண்ணுவோட தட்டுங்க அக்கா. நீங்க சாப்பிட ஒக்காரும்போது அதையும் ஒக்கார வெச்சு இதுல போடுங்க" என்றாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்தார்.

பொரியலுக்குக் காய் வெந்ததும், உப்புப் போடுவதற்கு முன், தாளிப்பதற்கு முன், ஒரு கரண்டி கண்ணுவுக்கு எடுத்து ஆற வைப்பது அக்காவின் வழக்கமானது. மிஞ்சியதைக் கோடையில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடுவதில்லை. ஒரு வாரத்தில் கூண்டுத் தாள் காய்ந்துவிட்டது. தண்ணீர் ஒரு தடவை ஊற்றினால் போதுமென்று ஆனது. சாயங்காலம் அக்கா காப்பி குடிக்கும்போது கண்ணு ஒரு துண்டு கேரட்டை வைத்துக்கொண்டு குடைந்துகொண்டிருக்கும். முதல் சில நாட்கள் காப்பி தம்ளரைப் பார்த்துக் கத்தியதாம். "பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு தம்பி, ஆனா குடுக்கலை" என்றார்.

இதில் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்லி அக்காவின் டாக்டர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டதில்லை. இப்போது, "அதுக்கு எடுத்து வெச்சதுக்கு அப்பறம் போட்டுக்கலாம்னு நெனைக்கறேன், பாதி நாள் மறந்துடறேனுங்க" என்கிறார். மாத்திரை குறையவில்லை. டாக்டர் திட்டுவது குறைந்திருக்கிறது.

கிளி வளர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் சோர்ந்து காட்டினால் எதிரி தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் வந்த பழக்கம் அது. இறகைப் புசுபுசுவென்று விரித்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பாலோ எண்ணெயோ உப்புத் தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கதகதப்பான, இருட்டான அட்டைப்பெட்டியில் வைத்து, தின்ற பொருளில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் போங்கள். எங்களுக்கு 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து நம்பரைக் குறித்து வையுங்கள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது அந்த இரண்டு தாள்களும் சுவரில் இல்லை. கேட்டேன். பிரதி எடுக்கும் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து, கூண்டின் பின்பக்கம் கம்பியால் கட்டியிருந்தார்.

"சுவத்துல இருந்தா எனக்கு மட்டும்தானுங்க தெரியும். இது இன்னும் பதினஞ்சு இருபது வருஷம் இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க தம்பி? எனக்கு அப்பறம் இது யார் வீட்டுக்குப் போகுமோ. கூண்டு போற எடத்துக்கு இதுவும் கூடவே போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்திருந்த முருங்கைக்கீரையை உப்புப் போடுவதற்கு முன் இறக்க எழுந்து போனார்.